அலபாமால ஒரு டெமாக்ரட் எப்படி ஜெயிச்சாரு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அமெரிக்க செனட் பத்தி எழுதுறப்ப "2017 அலபாமா மாதிரி"ன்னு போற போக்குல ஒரு வார்த்தை விட்டேன், அத புடிச்சுக்கிட்டு இத்தனை பேர் எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. அதனால இந்த தடவை முழுக்க அலபாமாதான். கிரிக்கெட், சினிமா கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி (விருதுநகர் வாசகர்): அங்க அப்படி என்னதான் சார் நடந்துச்சு? அமெரிக்க அரசியல் தெரியாதவனுக்கு புரியற மாதிரி சொல்லுங்க.

அலபாமா அமெரிக்காவோட தெற்குல, ஜார்ஜியாவுக்கும் மிசிசிப்பிக்கும் நடுவுல இருக்கிற மாநிலம். டிரம்ப்போட ரிபப்ளிகன் கட்சிக்கு அது எப்பேர்ப்பட்ட கோட்டைன்னா, 2014-ல ஜெஃப் செஷன்ஸ் செனட்டுக்கு நின்னப்ப டெமாக்ரட் கட்சி அவர எதிர்த்து ஆளே நிறுத்தல, மனுஷன் 97 சதவீதம் வாங்கிட்டு போனாரு. 2016 அதிபர் தேர்தல்ல டிரம்ப்புக்கு 62 சதவீதம், ஹிலாரிக்கு 34. அதே மாநிலத்துல, ஒரே ஒரு வருஷம் கழிச்சு, 2017 டிசம்பர் 12-ம் தேதி நடந்த செனட் இடைத்தேர்தல்ல டக் ஜோன்ஸ்னு ஒரு டெமாக்ரட் ஜெயிச்சுட்டாரு. அவருக்கு 6,73,896 ஓட்டு, ரிபப்ளிகன் வேட்பாளர் ராய் மூருக்கு 6,51,972. வித்தியாசம் 21,924, அதாவது ஒண்ணரை சதவீதத்துக்கு சொச்சம் மேல.

அதுக்கு முன்னாடி அங்க செனட்டுக்கு டெமாக்ரட் ஜெயிச்சது 1992-ல. ஜெயிச்சவர் ரிச்சர்ட் ஷெல்பி, அவரும் 1994-ல ரிபப்ளிகன் பக்கம் தாவிட்டாரு. இந்தப் பேர ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருவாரு.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): செனட்டுங்கிறது நம்ம ராஜ்யசபா மாதிரியா?

பேருக்கு மேலவை, அவ்வளவுதான் ஒத்துமை. ராஜ்யசபாவுக்கு எம்எல்ஏக்கள் ஓட்டு போடுறாங்க, பெரிய மாநிலத்துக்கு சீட் அதிகம். செனட்டுல மாநிலம் பெருசோ சிறுசோ ஆளுக்கு ரெண்டு சீட், ஆறு வருஷ பதவி, 1913-லேர்ந்து மக்களே நேரடியா ஓட்டு போட்டு அனுப்புறாங்க. கிட்டத்தட்ட 4 கோடி பேர் இருக்கிற கலிபோர்னியாவுக்கும் ரெண்டு, 50 லட்சம் பேர் இருக்கிற அலபாமாவுக்கும் ரெண்டு. நடுவுல சீட் காலியானா பெரும்பாலான மாநிலங்கள்ல கவர்னரே தற்காலிகமா ஒருத்தர போட்டுக்கலாம். அங்க கவர்னர்னா டெல்லிலேர்ந்து வர்றவர் இல்ல, நம்ம முதல்வர் மாதிரி மக்கள் ஓட்டு போட்டு வந்தவர்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): இடைத்தேர்தல் எதுக்கு வந்துச்சு? அதுவும் டிசம்பர் மாசத்துல?

இது நல்ல கேள்வி, இத யாருமே பெருசா பேசுறதில்ல. என்ன கேட்டா முக்கியமான விஷயமே இந்த தேதிதான்.

டிரம்ப் அதிபரானதும் ஜெஃப் செஷன்ஸ அட்டர்னி ஜெனரல், அதாவது மத்திய அரசோட தலைமை சட்ட அதிகாரி ஆக்கினாரு, செனட் சீட் காலி. அப்ப அலபாமா கவர்னர் ராபர்ட் பென்ட்லி. இவர் மேல ஏற்கனவே பெரிய நாத்தம், தன் பெண் உதவியாளரோட பேசின போன் பேச்செல்லாம் 2016-லயே வெளிய வந்து மாநிலமே சிரிச்சுச்சு, சட்டசபைல பதவிநீக்க விசாரணையும் ஆரம்பிச்சாங்க. அந்த நேரத்துல மாநில அட்டர்னி ஜெனரலா இருந்தவர் லூதர் ஸ்ட்ரேஞ்ச், ஆறடி ஒன்பது அங்குலம், "பிக் லூதர்"னே பேரு. எங்க ஆபீஸ் இது சம்பந்தமா வேலை பாத்துக்கிட்டு இருக்கு, கொஞ்சம் நிறுத்தி வைங்கன்னு சட்டசபை கமிட்டிக்கு 2016 நவம்பர்ல லெட்டர் போட்டாரு. மூணு மாசத்துல, 2017 பிப்ரவரில, பென்ட்லி காலியான செனட் சீட்டுக்கு யார போட்டாருன்னா இதே ஸ்ட்ரேஞ்ச! ரெண்டு பேருக்கும் டீல் எதுவும் இல்லன்னு ரெண்டு பேரும் சொன்னாங்க. இருக்கலாம். ஆனா தன்ன விசாரிக்க வேண்டிய ஆளுக்கு ஒரு கவர்னர் செனட் சீட் குடுத்தா ஊர் என்ன பேசும்? பேசுச்சு.

அதோட, தேர்தல 2018 நவம்பர்ல பொதுத்தேர்தலோட சேத்து வச்சுக்கலாம்னு பென்ட்லி தள்ளி வச்சிருந்தாரு. ஏப்ரல்ல அவரே தேர்தல் நிதி வழக்குல குத்தத்த ஒத்துக்கிட்டு ராஜினாமா பண்ணிட்டாரு. துணை கவர்னரா இருந்த கே ஐவி அம்மா பதவிக்கு வந்து ஒரே வாரத்துல தேதிய மாத்திட்டாங்க, தேர்தல் இந்த வருஷமே, டிசம்பர் 12.

இதனால என்ன ஆச்சுன்னா, அன்னிக்கு மாநிலம் முழுக்க வாக்குச்சீட்டுல இருந்தது இந்த ஒரே ஒரு போட்டி. கவர்னர் தேர்தல் இல்ல, அதிபர் தேர்தல் இல்ல, ஷெரிஃப் தேர்தல் கூட இல்ல. மூர புடிக்காத ரிபப்ளிகன் ஆளுக்கு பூத்துக்கு வர வேற காரணமே கிடையாது, பேசாம வீட்டுல உக்காந்துக்கலாம். இதே தேர்தல் 2018 நவம்பர்ல நடந்திருந்தா அவங்க கவர்னருக்காக வந்திருப்பாங்க, வந்த இடத்துல கட்சி சின்னத்துக்கு நேரா ஒரே டிக் அடிச்சு எல்லாத்துக்கும் சேத்து போட்டுட்டு போயிருப்பாங்க. அலபாமா வாக்குச்சீட்டுல அந்த வசதி இருக்கு, ஸ்ட்ரெயிட் டிக்கெட்னு பேரு.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): ராய் மூர் யாரு? டிரம்ப் ஆளா?

இல்லங்க, ஆரம்பத்துல டிரம்ப் ஆதரிச்சது லூதர் ஸ்ட்ரேஞ்ச. ரிபப்ளிகன் உட்கட்சி தேர்தல்ல ஆகஸ்ட்ல யாருக்கும் பாதிக்கு மேல வரல, செப்டம்பர் 26 ரன்ஆஃப்ல, அதாவது ரெண்டாவது சுற்றுல, மூர் 54.6, ஸ்ட்ரேஞ்ச் 45.4. டிரம்ப் நேர்ல ஹன்ட்ஸ்வில்லுக்கு வந்து ஸ்ட்ரேஞ்சுக்கு பிரச்சாரம் பண்ணியும் இந்த கதி. அந்த மேடைலயே, ஒருவேளை நான் தப்பு பண்ணிட்டனோங்கிற தொனில பேசினாரு, வேட்பாளர பக்கத்துல வச்சுக்கிட்டு! வாஷிங்டன்ல அப்ப செனட் ரிபப்ளிகன் தலைவரா இருந்த மிட்ச் மெக்கானல் ஆளுங்க கொட்டின பணமும் வேலைக்கு ஆகல, அது மூருக்குத்தான் உதவுச்சுன்னு நான் நினைக்கிறேன், "டெல்லிக்காரன் சொல்லி நாங்க ஓட்டு போடணுமா"ங்கிற கோவம் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்.

மூர் மாநில உச்சநீதிமன்ற தலைமை நீதிபதியா ரெண்டு தடவை ஜெயிச்சவர், ரெண்டு தடவையும் பதவிக்காலத்த முடிக்காதவர். மொத தடவை, 2001 ஜூலை 31 ராத்திரி, பைபிள் பத்து கட்டளைகள செதுக்கின 5,280 பவுண்டு, அதாவது 2,400 கிலோ கிட்ட எடை உள்ள கருங்கல்ல கோர்ட் கட்டடத்துக்குள்ள, நுழைஞ்ச உடனே கண்ணுல படற இடத்துல கொண்டாந்து வச்சுட்டாரு. எடுங்கன்னு ஃபெடரல், அதாவது மத்திய அரசு கோர்ட் சொல்லுச்சு, முடியாதுன்னாரு, 2003-ல பதவி போச்சு. அந்தக் கல்லு அப்புறம் லாரில ஏறி நாடு முழுக்க ஊர்வலம் போச்சு. 2012-ல திரும்ப ஜெயிச்சு வந்தாரு, ஒரே பாலின திருமண தீர்ப்ப கேக்காதீங்கன்னு கீழ இருக்கிற ஜட்ஜுங்களுக்கு ஆர்டர் போட்டாருன்னு 2016-ல சஸ்பெண்ட். ஓட்டு போட குதிரைல வருவாரு, குதிரை பேரு சாஸி.

சர்ச்சுக்கு போற கிராமத்து வெள்ளையர்களுக்கு, கடவுளுக்காக ரெண்டு தடவை பதவிய விட்ட ஆளு. மத்தவங்களுக்கு, கோர்ட் உத்தரவ மதிக்காத ஜட்ஜு. 2012-லயே கவனிச்சிருக்கணும், அதே நாள்ல அதே மாநிலத்துல அதிபர் வேட்பாளர் ராம்னி 60 சதவீதம் வாங்கினாரு, மூர் 52-ஐ தொடுறதுக்கே மூச்சு வாங்கிட்டாரு. அதாவது அவர் கட்சிக்கே ஓட்டு போட்டவங்கள்ல ஒரு பகுதி, அப்பவே அவர் பேரு வந்ததும் கைய எடுத்துட்டாங்க.

கேள்வி (சேலம் வாசகி): அவர் மேல பெண்கள் புகார் வந்துச்சுன்னு படிச்சேன். கட்சி வேட்பாளர மாத்தியிருக்கலாமே?

மாத்த முடியாதும்மா. நவம்பர் 9-ம் தேதி வாஷிங்டன் போஸ்ட்ல செய்தி வந்துச்சு. 1979-ல தனக்கு 14 வயசா இருந்தப்ப, அப்ப 32 வயசுல அரசு வக்கீலா இருந்த மூர் தன்கிட்ட தப்பா நடந்துக்கிட்டார்னு ஒரு பெண் சொன்னாங்க, அப்புறம் வேற சில பெண்களும் பேசினாங்க. மூர் எல்லாத்தையும் மறுத்தாரு, கிரிமினல் வழக்கும் எதுவும் வரல. ஆனா அலபாமா சட்டப்படி தேர்தலுக்கு 76 நாள் முன்னாடியே கெடு முடிஞ்சுரும், அதுக்கப்புறம் வாக்குச்சீட்டுல பேர மாத்த முடியாது. டிசம்பர் 12-லேர்ந்து 76 நாள் பின்னாடி எண்ணிப் பாருங்க, ரன்ஆஃப் முடிஞ்ச மறுநாளுக்கே வந்து நிக்கும்! கட்சி அவர கைவிட்டிருந்தா அவருக்கு விழுற ஓட்டு செல்லாம போயிருக்கும், சீட்ட எதிரிக்கு சும்மா தூக்கி குடுத்த மாதிரி. தேசிய ரிபப்ளிகன் கமிட்டி முதல்ல பணத்த நிறுத்துச்சு, டிரம்ப் ஆதரவுன்னு சொன்னதும் திரும்ப வந்து ஒட்டிக்கிச்சு. டிரம்ப்பும் அலபாமாக்குள்ள வரல, எல்லைக்கு அந்தப்பக்கம் ஃப்ளோரிடால பென்சகோலாங்கிற ஊர்ல நின்னு மூருக்கு ஓட்டு கேட்டாரு. அந்த ஊர் டிவி சேனல் அலபாமா மொபீல் பக்கமும் தெரியும்ல.

கேள்வி (மதுரை வாசகர்): அப்ப அந்த புகார் மட்டும்தான் காரணம். அது இல்லன்னா மூர் ஈஸியா ஜெயிச்சிருப்பாரு. டெமாக்ரட்டுங்க இத பெரிய சாதனைன்னு பேசுறது ஓவர்.

பாதி சரி. புகார் இல்லன்னா மூர் தட்டுத்தடுமாறி ஜெயிச்சிருப்பாருன்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா "மட்டும்தான்"ங்கிறதுல எனக்கு சண்டை இருக்கு, நாலு நம்பர பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க.

2016-ல அலபாமால டிரம்ப் வாங்கினது 13,18,255. மூர் வாங்கினது 6,51,972, பாதி கூட இல்ல. 2016-ல ஹிலாரி வாங்கினது 7,29,547. ஜோன்ஸ் வாங்கினது 6,73,896, அதாவது நூத்துக்கு தொண்ணூத்திரெண்டு. டிசம்பர் மாசம், செவ்வாய்க்கிழமை, வேற எந்த போட்டியும் இல்லாத ஒரு இடைத்தேர்தல்ல அதிபர் தேர்தல் அளவுக்கு கிட்டத்தட்ட ஆள் திரட்டுறதுங்கிறது சும்மா இல்ல. மாநில தேர்தல் அதிகாரியே 25 சதவீதம் பேர் வருவாங்கன்னு கணிச்சாரு, வந்தது 40 சதவீதத்துக்கு மேல.

அதனால இந்த தேர்தல்ல ஊரே மனசு மாறி டெமாக்ரட்டுக்கு ஓட்டு போட்டுருச்சுன்னு எழுதினவங்க கணக்க பாக்கல. ஒரு பக்கத்துல பாதிப்பேர் வீட்டுலயே உக்காந்துட்டாங்க, இன்னொரு பக்கத்துல கிட்டத்தட்ட எல்லாரும் வந்துட்டாங்க. புகார் மொத பாதிய விளக்கும், ரெண்டாவது பாதிய விளக்காது. எதிராளி தப்பு பண்ணா மட்டும் நம்ம ஓட்டு தானா பூத்துக்கு நடந்து வந்துருமா என்ன, யாராவது வீடு வீடா போய் கூட்டிட்டு வரணும். அந்த வேலைய யார் செஞ்சாங்கன்னு அடுத்த கேள்வில சொல்றேன்.

கேள்வி (புதுச்சேரி வாசகி): கறுப்பின மக்கள்தான் ஜெயிக்க வச்சாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். எக்ஸிட் போல் கணக்குப்படி அன்னிக்கு ஓட்டு போட்டவங்கள்ல பத்துல மூணு பேர் கிட்ட கறுப்பினத்தவர், மாநில மக்கள்தொகைல அவங்க பங்கு நாலுல ஒண்ணு சொச்சம்தான். அவங்கள்ல 96 சதவீதம் ஜோன்ஸுக்கு, பெண்கள மட்டும் எடுத்தா 98. வெள்ளையர்ல 68 சதவீதம் மூருக்கு.

மாநிலத்துக்கு நடுவுல குறுக்க ஒரு பட்டை மாதிரி போற கரிசல் மண் பூமி இருக்கு, "பிளாக் பெல்ட்"னு சொல்லுவாங்க. மண்ணு கறுப்பா இருக்கிறதால வந்த பேரு, பருத்தி விளையிற மண்ணு, பருத்திக்காக அடிமைகள கொண்டு வந்து குடியேத்தின பகுதி, அவங்க வம்சம் இன்னிக்கும் அங்கதான் பெரும்பான்மை, இன்னிக்கும் அமெரிக்காவிலேயே ரொம்ப ஏழ்மையான இடங்கள்ல ஒண்ணு. செல்மா ஊர் இருக்கிற டல்லாஸ் கவுன்டி (கவுன்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) இந்தப் பட்டைலதான். 1965 மார்ச் 7-ம் தேதி ஓட்டுரிமை கேட்டு எட்மண்ட் பெட்டஸ் பாலத்து மேல நடந்து போனவங்கள போலீஸ் தடியால அடிச்சு, கண்ணீர்ப்புகை போட்டு விரட்டுச்சே, அந்த செல்மா. அந்த அடி டிவில ஓடித்தான் அதே வருஷம் ஆகஸ்ட்ல வாக்குரிமைச் சட்டம் வந்துச்சு. 2013-ல சுப்ரீம் கோர்ட் அந்த சட்டத்தோட பல்லு ஒண்ண புடுங்குச்சு, தேர்தல் விதிய மாத்தணும்னா முதல்ல மத்திய அரசுகிட்ட அனுமதி வாங்கணும்ங்கிற பகுதிய செல்லாக்காசு ஆக்கிட்டாங்க. அந்த வழக்கு போட்டதும் அலபாமால இருக்கிற ஷெல்பி கவுன்டிதான்.

அதுக்கப்புறம் 2014-லேர்ந்து போட்டோ ஐடி இல்லாம ஓட்டு போட முடியாதுன்னு ஆச்சு. சரி, டிரைவிங் லைசென்ஸ் எடுத்துக்கலாம்னா, 2015-ல பட்ஜெட்ல காசு இல்லன்னு சொல்லி 31 லைசென்ஸ் ஆபீஸ மூடினாங்க, அதுல நிறைய இந்த பிளாக் பெல்ட் கவுன்டிகள்ல. கத்தி கூச்சல் போட்டு, மத்திய போக்குவரத்துத் துறை விசாரிச்சு, அப்புறம்தான் ஓரளவுக்கு திறந்தாங்க. ஐடி கேக்குறான், ஐடி குடுக்குற ஆபீஸ மூடுறான், இதுக்கு உள்நோக்கம் எதுவும் கிடையாதுன்னு சொன்னா நம்ப எனக்கு கொஞ்சம் கஷ்டமா இருக்கு.

இன்னொண்ணு, 1901-ல எழுதின அலபாமா அரசியல் சட்டத்துல "ஒழுக்கக்கேடான குற்றம்" பண்ணவனுக்கு ஓட்டு இல்லன்னு ஒரு வரி, எது எது அந்த குத்தம்னு பட்டியல் கிடையாது. ஒவ்வொரு ஊர் அதிகாரியும் அவரவர் இஷ்டத்துக்கு ஆள தள்ளிக்கிட்டு இருந்தாங்க. 2017 மே மாசம்தான் பட்டியல் போட்டு சட்டம் வந்துச்சு, ஆயிரக்கணக்கான பேருக்கு ஓட்டு திரும்ப கிடைக்க வழி பொறந்துச்சு. ஆனா உங்களுக்கு ஓட்டு இருக்குன்னு அவங்ககிட்ட போய் சொல்ல அரசாங்கம் பெருசா எதுவும் பண்ணல. உள்ளூர் அமைப்புகள், சர்ச்சு ஆளுங்க, குறிப்பா பெண்கள், ஜெயிலுக்குள்ளயே போய் பாரம் நிரப்பி குடுத்தாங்க, வயசானவங்கள வேன்ல ஏத்தி பூத்துக்கு கூட்டிட்டு போனாங்க. ஒபாமா குரல்ல ரெக்கார்ட் பண்ண போன் கால் வேற வீடு வீடா போச்சு.

ஓட்டு எண்ணின ராத்திரி ஆரம்பத்துல ரொம்ப நேரம் மூர்தான் முன்னாடி. அப்புறம் பர்மிங்ஹாம் நகரம் இருக்கிற ஜெஃபர்சன் கவுன்டி, மான்ட்கோமரி, செல்மான்னு வர வர கதை திரும்புச்சு. ஜெஃபர்சன் ஒண்ணுலயே ஜோன்ஸுக்கு 83 ஆயிரம் கிட்ட லீடு. ஒன்பதரை மணி வாக்குல முடிஞ்சு போச்சு.

கேள்வி (திருச்சி வாசகர்): டக் ஜோன்ஸ பத்தி ஒண்ணுமே சொல்லலியே?

வக்கீல். 1963 செப்டம்பர் 15 ஞாயித்துக்கிழமை பர்மிங்ஹாம்ல பதினாறாவது தெரு பாப்டிஸ்ட் சர்ச்ல கு க்ளக்ஸ் க்ளான்ங்கிற வெள்ளை இனவெறி கும்பல் ஆளுங்க குண்டு வச்சாங்க, நாலு சின்னப் பொண்ணுங்க செத்துப் போனாங்க, மூணு பேருக்கு 14 வயசு, ஒருத்திக்கு 11. பல வருஷம் யாருக்கும் தண்டனை இல்ல. 1977-ல ஒருத்தனுக்கு மட்டும் தண்டனை ஆச்சு, அந்த விசாரணைய, சட்டம் படிச்சுக்கிட்டிருந்த ஜோன்ஸ் கிளாஸ் கட் அடிச்சுட்டு போய் உக்காந்து பாத்தாரு. இருபது வருஷம் கழிச்சு அவரே ஃபெடரல் அரசு வக்கீல். மிச்சம் இருந்தவங்கள்ல தாமஸ் பிளான்டன், பாபி ஃப்ராங்க் செர்ரி ரெண்டு பேர் மேலயும் வழக்கு நடத்தி 2001, 2002-ல ஆயுள் தண்டனை வாங்கிக் குடுத்தாரு. பிளான்டன் வீட்டு கிச்சன் சுவருக்குள்ள 60-கள்லயே எஃப்பிஐ மைக் ஒளிச்சு வச்சு ரெக்கார்ட் பண்ணியிருந்தது, அவன் பொண்டாட்டிகிட்ட பேசினது. அந்த டேப்பு வருஷக்கணக்கா வெளிய தெரியாம கிடந்துச்சு, அத கோர்ட்ல போட்டு காட்டினாங்க.

பர்மிங்ஹாம் கறுப்பினக் குடும்பங்களுக்கு இந்தப் பேரு தேர்தலப்ப புதுசா தெரிய வந்த பேரு இல்ல. நான் மேல சொன்ன அந்த கூட்டம் பூத்துக்கு வந்ததுக்கு புகாரவிட பெரிய காரணம் இதுதான்னு எனக்கு படுது.

கேள்வி (ஈரோடு வாசகி): அவ்வளவு புகாருக்கு அப்புறமும் பெண்கள் எப்படி மூருக்கு ஓட்டு போட்டாங்க? மனசாட்சியே இல்லையா?

வெள்ளையின பெண்கள்ல 63 சதவீதம் பேர் போட்டாங்க, ஆமா. திட்டுறது சுலபம், ஆனா அவங்க கணக்கு என்னன்னு கேளுங்க. கவர்னர் கே ஐவி அம்மாவே வெளிப்படையா சொன்னாங்க, அந்தப் பெண்கள நம்பாம இருக்க எனக்கு காரணம் எதுவும் இல்ல, ஆனாலும் நான் மூருக்குத்தான் போடுவேன், ஏன்னா சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுங்கள உறுதி பண்றது செனட்டுன்னு. கருக்கலைப்புதான் அங்க ஆதாரப் பிரச்சனை, ஜோன்ஸ் கருக்கலைப்பு உரிமைய ஆதரிச்சவர், அது ஒண்ணு போதும் சர்ச்சு கூட்டத்துக்கு. வெள்ளையின இவாஞ்சலிக்கல், அதாவது பைபிள அப்படியே நம்புற தீவிர கிறிஸ்தவங்க ஓட்டுல 80 சதவீதம் மூருக்கு. வேட்பாளர் எப்படிப்பட்டவன்னு பாக்கல, அவன் போடப்போற ஒரே ஒரு ஓட்டுக்காக போட்டாங்க. 2022-ல சுப்ரீம் கோர்ட் கருக்கலைப்பு உரிமைய ரத்து பண்ணிச்சு, அப்ப அவங்க கணக்கு பலிச்சுருச்சுன்னுதான் சொல்லணும். எனக்கு அது புடிக்கலங்கிறது வேற விஷயம்.

கேள்வி (வேலூர் வாசகர்): கருத்துக்கணிப்பு என்ன சொல்லுச்சு?

செம காமெடி. தேர்தலுக்கு முந்தின நாள் மூணு சர்வே வந்துச்சு. ஃபாக்ஸ் நியூஸ் ஜோன்ஸுக்கு பத்து பாயின்ட் லீடு, எமர்சன் மூருக்கு ஒன்பது பாயின்ட் லீடு, மான்மத் ரெண்டும் சமம்னு. யார் யார் பூத்துக்கு வருவாங்கன்னு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி யூகிச்சாங்க, லேண்ட்லைன்ல எத்தனை பேர், செல்போன்ல எத்தனை பேர்ங்கிறதுலயும் வித்தியாசம். மூணையும் கூட்டி சராசரி எடுத்தவன் தப்பிச்சான்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): அங்க நோட்டா உண்டா?

நோட்டா கிடையாது, அதவிட சுவாரசியமா ஒண்ணு உண்டு, ரைட்-இன். சீட்டுல கடைசில வெத்து கோடு இருக்கும், நமக்கு புடிச்ச பேர நாமளே எழுதிட்டு வரலாம். அன்னிக்கு 22,852 பேர் அப்படி எழுதிட்டு போனாங்க. ஜோன்ஸ் ஜெயிச்ச வித்தியாசம் 21,924-ன்னு மேல சொன்னேன்ல, அதவிட இது அதிகம்! இப்ப ரிச்சர்ட் ஷெல்பி வர்றாரு. அப்ப அலபாமாவோட இன்னொரு செனட்டர், ரிபப்ளிகன் பெருந்தலை, தேர்தலுக்கு ரெண்டு நாள் முன்னாடி டிவில வந்து நான் மூருக்கு போடல, வேற ஒரு ரிபப்ளிகன் பேர எழுதிட்டேன்னு சொல்லிட்டாரு. எதிர்க்கட்சிக்கு போடவும் மனசு வரல, மூருக்கு போடவும் கை வரலங்கிற ஆளுக்கு பெரியவரே வழி காட்டிட்டாரு. எழுதின பேருங்கள்ல லூதர் ஸ்ட்ரேஞ்ச் உண்டு, அப்ப அலபாமா யுனிவர்சிட்டி ஃபுட்பால் கோச்சா இருந்த நிக் சேபன் உண்டு. அந்த ஊர்ல ஃபுட்பால் கோச்சுன்னா பாதி சாமி, சிரிக்காதீங்க, கீழ இன்னொரு கோச் வர்றாரு.

கேள்வி (சென்னை வாசகர்): பேஸ்புக்ல போலி பக்கம் நடத்தி ஜோன்ஸ ஜெயிக்க வச்சாங்கன்னு கேள்விப்பட்டேன்.

போலி வேலை நடந்தது உண்மை. 2018 டிசம்பர்ல வெளிய வந்துச்சு, டெமாக்ரட் பக்கத்து ஆளுங்க ஒரு லட்சம் டாலர் செலவுல, மூருக்கு ரஷ்ய போலி அக்கவுன்டுங்க ஆதரவுங்கிற மாதிரி தோற்றம் உண்டாக்கிப் பாத்தாங்க. பணம் குடுத்த, லிங்க்ட்இன் கம்பெனிய ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ரீட் ஹாஃப்மேன், இப்படி செலவாகும்னு தெரியாதுன்னு சொல்லி மன்னிப்பு கேட்டாரு. ஜோன்ஸே விசாரணை கேட்டாரு. கோடிக்கணக்குல ரெண்டு பக்கமும் செலவழிச்ச தேர்தல்ல இது எத்தனை ஓட்ட மாத்தியிருக்கும்னா, ரொம்ப சொற்பம். ஆனா அசிங்கம் அசிங்கம்தான், நம்ம பக்கம் பண்ணா சோதனை முயற்சி, அவன் பண்ணா சதியா?

கேள்வி (கும்பகோணம் வாசகி): ஜோன்ஸ் இப்ப என்ன ஆனாரு? ஜெயிச்சதால என்ன லாபம்?

செனட்ல ரிபப்ளிகன் பலம் 52-லேர்ந்து 51-க்கு எறங்குச்சு. ஆனா டிசம்பர் 12 ஜெயிச்சவர் ஜனவரி 3 அன்னிக்குத்தான் பதவி ஏத்துக்கிட்டாரு, அதுக்குள்ள டிசம்பர் 20-ம் தேதி டிரம்ப்போட பெரிய வரிச்சட்டத்த நிறைவேத்திட்டாங்க, ஸ்ட்ரேஞ்ச் ஓட்ட வச்சு.

இருந்த மூணு வருஷத்துல சில நல்ல வேலை பண்ணாரு. தீர்க்கப்படாத பழைய இனவெறிக் கொலை வழக்குகளோட அரசு ஃபைல்கள வெளிய கொண்டு வர சட்டம், அது 2019 ஜனவரில கையெழுத்தாச்சு. ராணுவத்துல இறந்தவங்க மனைவிகளுக்கு வர்ற உதவித்தொகைய வெட்டுற விதிய நீக்கினது இன்னொண்ணு. ஆனா டிரம்ப் சுப்ரீம் கோர்ட்டுக்கு போட்ட நீதிபதி பிரெட் கவனா நியமனத்துக்கு எதிரா ஓட்டு, 2020 பிப்ரவரில டிரம்ப் பதவிநீக்க விசாரணைல குற்றவாளின்னு ஓட்டு. அலபாமால இருந்துக்கிட்டு இத பண்ணா அடுத்த தேர்தல் கோவிந்தாதான், அவருக்கும் அது தெரியும், தெரிஞ்சேதான் போட்டாரு.

2020 நவம்பர்ல ஆபர்ன் யுனிவர்சிட்டி முன்னாள் ஃபுட்பால் கோச் டாமி டியூபர்வில் 60-க்கு 40-ன்னு அவர தோக்கடிச்சாரு. விஷயம் என்னன்னா, ஜோன்ஸ் 2020-ல வாங்கினது 9 லட்சத்துக்கும் மேல, 2017-ல ஜெயிச்சப்ப வாங்கினதவிட அதிகம்! அவர் ஓட்டு குறையல, வீட்டுல உக்காந்திருந்தவங்க இந்த தடவை அதிபர் தேர்தலுக்காக பூத்துக்கு வந்துட்டாங்க.

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): அதே ஓட்டு எம்பி தேர்தல்ல விழுந்திருந்தா டெமாக்ரட்டுக்கு நாலு சீட்டாவது வந்திருக்குமா?

ஒண்ணுதான் வந்திருக்கும்! அலபாமால மொத்தம் ஏழு எம்பி தொகுதி. மாநிலம் முழுக்க ஜெயிச்ச ஜோன்ஸ், தொகுதி வாரியா பிரிச்சுப் பாத்தா ஆறுல மூர்கிட்ட பின்தங்கி இருந்தாரு, ஏழாவது தொகுதி ஒண்ணுல மட்டும்தான் முன்னணி. கறுப்பின ஓட்டையெல்லாம் வாரி ஒரே தொகுதிக்குள்ள அடைச்சு எல்லை போட்டிருக்காங்க. தொகுதி எல்லைய மறுபடி வரைஞ்சதுக்கு அப்புறமும் இதே கதைன்னு சொல்லி கோர்ட்டுக்கு போனாங்க, 2023 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் 5-4-ன்னு அலபாமா வரைபடம் வாக்குரிமைச் சட்டத்த மீறுதுன்னு தீர்ப்பு குடுத்துச்சு, கோர்ட்டே போட்ட புது எல்லைல 2024-ல ரெண்டாவதா ஒரு கறுப்பின டெமாக்ரட் எம்பி ஜெயிச்சு வந்தாரு.

கேள்வி (அரியலூர் வாசகர்): ராய் மூர் கடைசில தோல்விய ஒத்துக்கிட்டாரா?

இல்ல. முறைகேடுன்னு சொல்லி, முடிவ அறிவிக்கக் கூடாதுன்னு கோர்ட்டுக்கு போனாரு, டிசம்பர் 28-ம் தேதி கோர்ட் தள்ளுபடி பண்ணிச்சு, அதே நாள் ஜோன்ஸ் ஜெயிச்சதா அதிகாரபூர்வமா அறிவிச்சாங்க. 2020-ல திரும்பவும் உட்கட்சி தேர்தல்ல நின்னாரு. ஏழு சதவீதம், நாலாவது இடம்.